அரை நூல் பலகை

பால்சா தகட்டை முதல்முறை கையில் வாங்குகிறவர்களைப் பார்க்க வேண்டும். பலகை வருகிறது என்ற நினைப்பில் கை ஒரு பலத்தோடு நீளும். தகடு வந்து உட்கார்ந்ததும் கை தானாக ஒரு சாண் மேலே போய்விடும். உடனே ஒரு சிரிப்பு வரும். என் மாமாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தகட்டைக் காதருகே கொண்டுபோய் நகத்தால் சுண்டினார். இரண்டு ஓரத்தையும் பிடித்து மெல்ல வளைத்தார், விட்டார், திருப்பிப் பிடித்து மறுபடியும் வளைத்தார். "இது வேற மரம் மாப்ளே" என்றார். அவ்வளவுதான்.

மாமா கோயமுத்தூரில் பேட்டர்ன் கடை வைத்திருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு அந்தத் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும். பம்பு செய்கிற ஊரில் பம்பின் உடம்பை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால் அதை யாராவது மரத்தில் செய்து தர வேண்டும். அந்த மரத்தை மணலில் அழுத்தி எடுத்தால் பள்ளம் கிடைக்கும். பள்ளத்தில் காய்ச்சிய இரும்பை ஊற்றினால் பம்பு. ஆறும்போது இரும்பு சுருங்கும். வார்ப்பிரும்புக்கு அடிக்கு ஒரு நூல் என்று கணக்கு. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஆகவே மாமாவின் ஸ்கேலில் ஓர் அடி என்பது ஊராருடைய ஓர் அடியை விட ஒரு நூல் நீளம். சுருக்கத்துக்கென்றே கோடு போட்ட ஸ்கேல் அது. சின்ன வயதில் அதைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட ஸ்கேலோடு ஒட்டி வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. தேக்கு, மகாகனி என்று அவர் கையில் புழங்கிய மரமெல்லாம் கனத்த மரம். மணலோடு உரசி உரசித் தேயக் கூடாது, மழைக்காலத்தில் முறுக்கக் கூடாது. லேசாக இருக்க வேண்டும் என்று அந்தத் தொழிலில் யாரும் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு விமானம் எப்படி வந்து சேர்ந்தது என்பதில் பெரிய கதை ஏதுமில்லை. அவருக்கு வேலை கொடுத்துவந்த ஒரு ஃபவுண்டரி முதலாளியின் மகன் அமெரிக்காவில் படித்துவிட்டு வரும்போது பெட்டி ஒன்று கொண்டுவந்தார். எண்பதுகளின் கடைசி. பெட்டியைத் திறந்து ஒரு வாரம் வைத்துப் பார்த்தவர், கல்யாண வேலை வந்ததும் "நீங்க முடிச்சுக் குடுங்க மேஸ்திரி" என்று பேட்டர்ன் கடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எஞ்சினும் ரேடியோவும் தனித்தனிப் பொட்டலமாகக் கூடவே வந்தன.

பெட்டிமேல் சிக் கேடட் சீனியர் என்று போட்டிருந்தது. அயோவா மாநிலத்தில் மான்டசூமா என்கிற சின்ன ஊரில் கிளென் சிகஃபூஸும் ஹேசல் சிகஃபூஸும் வளர்த்த கம்பெனி. பெயரின் முதல் மூன்றெழுத்துத்தான் சிக். இதை வரைந்தவர் கிளாட் மெக்கல்லா. புதிதாகப் பறக்கக் கற்றுக்கொள்கிறவனுக்காகவே செய்தது. இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆறரை அடி; கட்டி முடித்தால் எல்லாம் சேர்த்து மூன்று கிலோ அளவில் நிற்கும். இவ்வளவு பெரிய இறக்கைக்கு இவ்வளவு குறைந்த எடை இருந்தால் விமானம் மெதுவாக மிதந்து வரும். கற்றுக்கொள்கிறவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். வேறென்ன வேண்டும்.

பெட்டிக்குள் விமானம் இல்லை. கத்தை கத்தையாகத் தகடுகள், கட்டுக் கட்டாகக் குச்சிகள், அச்சு வெட்டிய விலா எலும்புகள், கம்பி வளைத்த சக்கரக் கால், ஒரு பையில் திருகாணிகள், நாலாக மடித்த ஒரு பெரிய வரைபடம், ஒரு புத்தகம். எஞ்சினும் ரேடியோவும் நமக்கு வந்துவிட்டன; மேலே போர்த்த எதுவும் இல்லை, பசையும் இல்லை. அவை வாங்குகிறவன் பாடு.

மாமாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எனக்கு வரைபடம் படிக்க வராது. நான் கல்லூரியில் என்.சி.சி. ஏர்விங்கில் இருந்தேன் என்பதால் இந்த வேலைக்கு நான்தான் தகுதி என்று வீட்டில் முடிவாகியிருந்தது. என்.சி.சி.யில் நாங்கள் பறக்கவிட்டதெல்லாம் கம்பியில் கட்டிய ரகம். இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று நாமும் சுற்ற வேண்டும். இறங்கும்போது விமானம் நின்றுவிடும், உலகம் நிற்காது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். நான் புத்தகத்தைப் படித்துச் சொல்வேன், அவர் படத்தைப் பார்ப்பார். இரண்டும் முரண்பட்டால் படம் சொல்வதுதான் சரி. "எழுதறவன் தப்பு எழுதிப்போடுவான். கோடு போடறவன் கோட்டுக்குப் பதில் சொல்லோணும்" என்பார்.

பழைய ஃப்ளஷ் கதவு ஒன்றைப் படுக்கப் போட்டு, மேலே சாஃப்ட் போர்டு அடித்து, அதன்மேல் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமலிருக்கச் சேலைக்கடைப் பாலிதீன் உறையைப் பிரித்துப் போர்த்தினார். கதவு மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அட்டைத் துண்டு கொடுத்தார். முறுக்கின பலகையில் கட்டிய இறக்கை முறுக்கிக்கொண்டேதான் பிறக்கும்; பறக்கும்போது ஒரு பக்கமாகவே சாயும். அதைப் பிறகு யாராலும் திருத்த முடியாது என்று புத்தகம் ஒரு பக்கம் எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் அட்டை உள்ளே போயிருந்தது.

கட்டுகிற முறை இதுதான். படத்தில் உள்ள கோட்டின் மேலேயே குச்சியை வைத்துக் குண்டூசியால் நிறுத்துவது. குச்சிக்குள் ஊசி இறக்கக் கூடாது, நார் பிளந்துவிடும். இரண்டு பக்கமும் ஊசியை அணைகொடுத்து நிறுத்த வேண்டும். கீழ் உத்தரம், அதன்மேல் வரிசையாக விலா, மேலே இன்னோர் உத்தரம், முன்விளிம்பு, பின்விளிம்பு. இரண்டு உத்தரத்துக்கும் நடுவே சின்னச் சின்னத் தடுப்புப் பலகைகள், நார் செங்குத்தாக இருக்கும்படி. இந்தத் தடுப்பை ஒட்டும் முன் இறக்கையைப் பிடித்து முறுக்கினால் முறுக்கும். ஒட்டிய பிறகு முறுக்கினால் முறுக்குகிறவன் கைதான் வலிக்கும். எடை கூடியது நாலைந்து கிராம்.

கிராம் என்றதும் தராசு ஞாபகம் வருகிறது. கடைக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பத்தர் இருந்தார். மாமா தகடுகளை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு அவரிடம் போனார். பொன் நிறுத்த தராசில் மரம் நிறுப்பதற்கு அவர் முதலில் சம்மதிக்கவில்லை. "கல்லாப்பெட்டியில சேர்க்கறதுக்கு இல்லீங், சோடி சேர்க்கறதுக்கு" என்று மாமா சொன்னதும் ஆர்வம் வந்துவிட்டது. அரை நூல் கனம், மூன்று அங்குல அகலம், மூன்றடி நீளம். எல்லாம் ஒரே அளவு. ஆனால் ஒன்று 11 கிராம் என்றால் இன்னொன்று 20 கிராமுக்கு மேலே. ஒரே பெட்டியில், ஒரே மரம் என்ற பெயரில்! பத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உங்க மரத்துலயும் மாத்து உண்டாட்டம் இருக்குது" என்றார். மாமா ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் பென்சிலால் எடையை எழுதிக்கொண்டார். இடது இறக்கைக்கு ஒன்று, வலது இறக்கைக்கு அதே எடையில் ஒன்று. கனத்தவை மூக்குப் பக்கம். லேசானவை வால் பக்கம், ஏனென்றால் வாலில் ஏறுகிற ஒவ்வொரு கிராமுக்கும் ஈடாக மூக்கில் இரண்டு மூன்று கிராம் வைக்க வேண்டியிருக்கும். மூக்கு கிட்டே இருக்கிறது, வால் எட்டே இருக்கிறது. ஏற்றம் இறைத்தவனுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

பால்சாவில் எடை இவ்வளவு தூரம் மாறுவதற்குக் காரணம் அது வளர்கிற விதம். ஈக்வடாரின் ஈரக்காடுகளில் முளைத்து, ஆறேழு வருடத்தில் வெட்டுகிற அளவுக்கு வந்துவிடும். அவசரமாக வளர்கிற மரம். செல்கள் பெரிது, சுவர்கள் மெலிது, உள்ளே முழுக்கத் தண்ணீர். வெட்டியதும் சூளையில் வைத்துத் தண்ணீரை வெளியேற்றினால் மிஞ்சுவது பெரும்பாலும் காற்று. கன மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ வரை சர்வசாதாரணமாகக் கிடைக்கும். தேக்கு 650 கிலோ அளவில் வரும். வெயில் பட்ட மரமா நிழலில் நின்றதா, அடிமரமா நுனியா, வயது தாண்டிவிட்டதா என்பதையெல்லாம் பொறுத்து எடை ஏறி இறங்கும். இதில் வேடிக்கை, தாவரவியல் கணக்கில் பால்சாவும் தேக்கைப் போல வன்மர வகை. மாமாவிடம் சொன்னபோது, நான் புத்தகத்தைத் தப்பாகப் படிக்கிறேன் என்றே நினைத்தார்.

நம் இலவமரத்துக்கு அது ஒன்றுவிட்ட உறவு. காய் வெடித்தால் உள்ளே அதே மாதிரி பஞ்சு. பூ இரவில் மலரும். தேன் குடிக்க வவ்வால் வரும். 1947இல் தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து பசிபிக்கைக் கடந்தாரே, கோன்-டிக்கி, அந்தத் தெப்பமும் இந்த மரம்தான். ஒன்பது பெரிய மரங்களைக் கயிற்றால் கட்டி 101 நாள் கடலில் மிதந்தார்கள். ஊறி மூழ்கிவிடும் என்று கெடு வைத்தவர்கள் நிறையப் பேர். உலர்ந்த மரத்தைக் கட்டியிருந்தால் மூழ்கியிருக்கலாம்; அவர்கள் பச்சை மரமாகப் பார்த்து வெட்டினார்கள், உள்ளிருந்த சாறு கடல்நீரை உள்ளே விடவில்லை என்று ஹெயர்டால் சொல்கிறார்.

தகட்டை வளைத்துப் பார்த்தார் என்று சொன்னேனே, அதைப் பிறகுதான் புத்தகத்தில் படித்தேன். மரத்தை வளையத்தின் போக்கில் அறுத்தால் தகடு குறுக்கே குழாயாகச் சுருளும். உடம்பு வளைவுகளுக்கும் முன்விளிம்பு போர்த்தவும் அதுதான். மையத்திலிருந்து வெளிநோக்கி அறுத்தால் மேலே மீன்செதில் மாதிரி மினுமினுப்பு தெரியும், விறைப்பாக நிற்கும், வளைத்தால் உடையும், விலாவுக்கு அது. ஏ, பி, சி என்று மாடல்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மாமா பெயர் எதுவும் வைக்காமலே மூன்று குவியலாகப் பிரித்து வைத்திருந்தார்.

பசையில்தான் அவர் என்னை வாட்டினார். "சொட்டெல்லாம் பறக்கோணும் மாப்ளே" என்று ஒவ்வொரு மூட்டிலும் சொல்வார். ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு வைத்து, ஓரத்தில் பிதுங்கினால் அதே குச்சியால் வழித்து அடுத்த மூட்டுக்கு எடுத்துக்கொள்வார். ஃபெவிக்விக் அவருக்குப் பிடிக்காது. நொடியில் பிடித்துக்கொள்கிறது, நகர்த்திச் சரிபார்க்க நேரம் தருவதில்லை, காய்ந்த பின் உப்புத்தாளுக்குப் படியாத முடிச்சாக நிற்கிறது. எஞ்சின் உட்காரும் ப்ளைவுட் தடுப்புக்கும் இரண்டு இறக்கை சேரும் நடுமூட்டுக்கும் மட்டும் அரால்டைட். அந்த நடுமூட்டைப் பற்றி அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "நடுவுல ஆனை நிக்கோணும். ஓரத்துல ஈ உக்காந்தாக்கூடக் கணக்குப் பாக்கோணும்." எந்த ஏரோநாட்டிக்ஸ் புத்தகத்திலும் ஓர் அத்தியாயம் பிடிக்கிற விஷயம். காற்று இறக்கையை முழு நீளத்துக்கும் தூக்குகிறது. அந்தத் தூக்கலெல்லாம் நடுவில் வந்து சேர்ந்து முறிக்கப் பார்க்கிறது. முனையில் ஒன்றுமில்லை. பலம் எங்கே வேண்டுமோ அங்கே வைத்துவிட்டு, மற்ற இடத்தில் துணிந்து குறைக்கத் தெரிந்தவன்தான் நல்ல கட்டுமானக்காரன்.

மஸ்கிட்டோ கதையை அவருக்குச் சொன்னது அந்த மூட்டு காய்ந்துகொண்டிருந்த ராத்திரி. 1940 நவம்பரில் முதலில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம். உலோகத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று டி ஹாவிலண்ட் மரத்தில் செய்தது. பிர்ச் ப்ளைவுட் இரண்டு, நடுவே பால்சா. உடம்பை நீளவாக்கில் இரண்டு பாதியாக அச்சின்மேல் வளைத்து ஒட்டி, உள்ளே ஒயர், குழாய் எல்லாம் பொருத்திவிட்டுப் பிறகு இரண்டு பாதியையும் சேர்ப்பார்கள். வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் நாற்காலி மேசை செய்கிற ஆசாரிகள். மாமாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. அச்சு எந்த மரம், எப்படிப் பிரித்தெடுத்தார்கள் என்று என்னைத் துளைத்தார். 1944 கடைசியில் இந்தியாவில் அந்த விமானங்களில் சில வானத்திலேயே இறக்கை கழன்று விழுந்து, பறப்பதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள் என்பதையும் சொன்னேன். பசை ஒட்டியதில் குறை என்று விசாரணை சொன்னது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் எழுந்துபோய், நடுமூட்டில் மாட்டியிருந்த க்ளாம்ப்பை இன்னும் அரைச்சுற்று இறுக்கிவிட்டு வந்தார். அடுத்த நாளும் அதைத் தொட விடவில்லை.

உப்புத்தாள் போடுவது தனி உலகம். தேக்குக் கட்டையில் தாளை ஒட்டி வைத்திருப்பார். விரலில் சுற்றித் தேய்த்தால் பள்ளம் விழும் என்பதால் கட்டைதான். பால்சா தூசு கீழே விழாது. ஜன்னல் வெயிலில் நின்றுகொண்டே இருக்கும், மூச்சு விட்டால் நகரும். அந்தக் கோடையில் நாங்கள் இருவரும் மணிக்கணக்காக எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்திருக்கிறோம்; பேசியது மிகக் குறைவு. தாய்மாமன் என்ற உறவில் அதுவரை அவர் எனக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருகிறவர். எனக்கும் அவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது என்று சொல்வதைவிட, பேசாமல் இருக்க ஒரு விஷயம் கிடைத்தது என்று சொல்லலாம்.

பிறகு விளக்கெண்ணெய் வந்தது. அமெரிக்கக்காரன் இஸ்திரிப்பெட்டியால் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாளைப் போர்த்துவான். அது இங்கே கிடைக்கவில்லை. பழைய முறை இருக்கவே இருக்கிறது: பட்டு. சிறுமுகையில் தெரிந்த தறிக்காரர் ஒருவரிடமிருந்து கரை இல்லாத மெல்லிய வெள்ளைப் பட்டு வந்தது. அதை நனைத்து எலும்புக்கூட்டின் மேல் இழுத்துப் போட்டு, ஓரங்களை ஒட்டி, காய்ந்ததும் லாக்கர் பூச வேண்டும். பெயிண்ட் கடையில் வாங்கிய என்.சி. கிளியர் லாக்கர், பாதிக்குப் பாதி தின்னர். காயக் காயப் பட்டு சுருங்கி விண்ணென்று இழுத்துக்கொள்ளும். மெலிந்த இறக்கை அந்த இழுப்பிலேயே முறுக்கிக்கொள்வதும் உண்டு. அதற்கு மருந்தாக லாக்கரில் சில சொட்டு விளக்கெண்ணெய். எண்ணெய் லாக்கரை ரொம்ப விறைக்க விடாது. அத்தை சமையலறையிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். தின்னர் வாடையும் விளக்கெண்ணெய் வாடையும் சேர்ந்து அந்த வீட்டில் ஒரு மாதம் குடியிருந்தன. என் தலைமுறைக்கு விளக்கெண்ணெய் என்றால் பேதிக்குக் கொடுக்கிற நாள். பாட்டி மூக்கைப் பிடிக்க, மாமாதான் கையைப் பிடித்திருக்கிறார். முதல் உலகப் போரில் சுழல் எஞ்சின் விமானங்கள் உயவுக்கு இந்த எண்ணெயையே குடித்துப் புகையாகக் கக்கின. பின்னால் உட்கார்ந்த விமானிகள் அதைச் சுவாசித்து அவதிப்பட்டார்கள் என்று சொல்வார்கள். நம்பாமலிருக்க எனக்குக் காரணமில்லை.

எஞ்சினுக்கும் அதே எண்ணெய். ஒசாகாவில் ஷிகேயோ ஒகாவா 1936இல் ஆரம்பித்த ஓ.எஸ். கம்பெனியின் 40 அளவு எஞ்சின். உள்ளங்கையில் அடங்கும். பெட்ரோல் இல்லை, மெத்தனால் நாலு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு. தீப்பொறி கொடுக்கிற பிளக்கும் இல்லை. சின்னப் பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்று. ஒன்றரை வோல்ட் பேட்டரியால் ஒருமுறை பழுக்கவைத்துவிட்டால் போதும், அப்புறம் மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் பட்டுப் பட்டே அந்தச் சுருள் சிவப்பாக நின்றுகொள்ளும், பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் என்.சி. லாக்கரைக் கரைக்கும் என்பதால் மூக்குப் பகுதி முழுவதற்கும் அரால்டைட்டை இளக்கி ஒரு கை பூசியிருந்தோம்.

ரேடியோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று மோட்டார்: வால் திரும்ப, வால் உயர, எஞ்சின் வேகம். இறக்கையில் அசைகிற பாகமே கிடையாது. இறக்கை இரண்டு பக்கமும் மேல்நோக்கி ஏறியிருப்பதால், வாலைத் திருப்பினாலே முன்னால் வருகிற இறக்கை கூடுதலாகத் தூக்கப்பட்டு விமானம் தானே சாய்ந்து வளையும். கையை எடுத்தால் தானே நிமிரும். எடை நடு எங்கே விழ வேண்டும் என்று படத்தில் ஓர் அம்பு. இறக்கைக்கடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் மட்டமாக நிற்க வேண்டும். வால் கொஞ்சம் தாழ்ந்தது. ஈயக்குண்டு வைக்கலாம் என்றேன். "ஊத்தறதே தொழிலா இருந்தும் இதுல போயி ஈயம் வெப்பனா" என்று பேட்டரிப் பொட்டலத்தை எரிபொருள் டேங்க்குக்கு அடியில் தள்ளி வைத்தார். நின்றது.

அதற்குள் ஆடி வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயமுத்தூருக்குள் இறங்குகிற காற்றைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. அம்மியே பறக்கிற மாதத்தில் மூன்று கிலோ பட்டும் பால்சாவும் எந்த மூலை. ஐப்பசி கார்த்திகை மழையும் போய், தை பிறந்து, கிணத்துக்கடவு தாண்டி ஒரு காட்டில் சோளத்தட்டு அறுத்து நிலம் வெறுமையான பிறகுதான் போனோம். விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பறக்கவிடக் கற்றுத் தர வந்திருந்தார்.

எல்லாரும் கேட்பது பறந்ததா என்று. பறந்தது. நன்றாகவே பறந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டு விஷயம். விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது என்றால் இடது. நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளி முட்டுக்கொடு, யோசிக்காதே என்று சார் சொல்லித் தந்தார். இரண்டாவது, மாமா. எல்லாரும் அண்ணாந்து விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் இறக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சார் மூக்கைத் தூக்கி ஒரு வளைவு எடுத்தபோது இறக்கை முனைகள் இரண்டும் ஒரு விரற்கடை மேலே போய்த் திரும்பி வந்தன. வெயில் பட்டின் ஊடே இறங்கி விலாக்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. "வளையுது" என்றார், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. சந்தோஷமாகச் சொன்னார். வார்ப்பிரும்பு வளையாது, நேரே உடையும்.

முதலாளி மகன் ஒருநாள் வந்து பார்த்தார், பாராட்டினார், விமானத்தை எங்களிடமே விட்டுவிட்டார். அது பனைமரத்தில் மோதியிருக்கிறது, வரப்பில் குத்தியிருக்கிறது. பெட்டி காலியானாலும் வரைபடம் இருக்கிறதே. உடைந்த விலாவை அதன்மேல் வைத்துப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். சில வருடத்தில் இடது இறக்கையில் அமெரிக்கா அனுப்பிய மரம் பாதிகூட மிச்சமில்லை.

இன்று கிட்டுகளை லேசரில் வெட்டுகிறார்கள். துண்டுகள் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன. அதையும் யாரும் அதிகம் வாங்குவதில்லை. கட்டி முடித்த விமானமே பெட்டியில் வருகிறது, அல்லது தெர்மோகோல் ஜாதி நுரையில் வார்த்தது. நான் நுரைக்கு விரோதி இல்லை. என் வீட்டில் ஒன்று இருக்கிறது. விழுந்தால் ஒட்டிக்கொண்டு அன்றைக்கே பறக்கலாம். பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். பால்சாவில் கட்டினால்தான் பறப்பதன் அருமை தெரியும் என்று முதியவர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். பறப்பது வேறு ஆசை, கட்டுவது வேறு ஆசை. மாமா ஒருமுறைகூட ரேடியோவைக் கையில் வாங்கவில்லை, கொடுத்தும் மறுத்துவிட்டார்.

அவருடைய தொழிலும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. கடையை மூடிய வருடங்களில் கண்ணும் மங்கத் தொடங்கியது. 2003 ஆகஸ்டில் அமெரிக்கர் மேனார்ட் ஹில் கட்டிய மாடல் விமானம் ஒன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. கிட்டத்தட்ட 39 மணி நேரம், மூவாயிரம் கிலோமீட்டர். பால்சா உடம்பு. அதற்கு முன்னே அனுப்பியவை கரை சேரவில்லை. கட்டியவருக்கு வயது எழுபத்தேழு, பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் சரியில்லை. இதைப் படித்ததும் மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

"எடை எத்தனை?"

"எண்ணெயோடு சேர்த்து 5 கிலோவுக்குள்ளங் மாமா."

கொஞ்சம் யோசித்தார். "கண்ணு எதுக்கு அதுக்கு" என்றார். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினார்.

எந்தக் காட்டில் பறக்கவிட்டோமோ அந்தச் சுற்றுவட்டாரமெல்லாம், உடுமலை, பல்லடம் வரை, இப்போது காற்றாலை. நாங்கள் பயந்து ஒதுங்கிய ஆடிக் காற்றை விலைக்கு விற்கிறார்கள். அந்த ராட்சத இறக்கைகளில் பலவற்றின் உள்ளே, கண்ணாடி இழைக்கு நடுவே, அடைத்திருப்பது பால்சா. 2020ஐ ஒட்டிய வருடங்களில் சீனாவின் காற்றாலைகளுக்காக ஈக்வடாரில் தோட்ட மரம் பத்தாமல் அமேசான் காட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். ஆற்றோரத்துப் பழங்குடிகளின் நிலத்திலும் வெட்டினார்கள். மாடல் கடைகளில் தகடு விலை ஏறியது என்று எங்களைப் போன்றவர்கள் புலம்பியது அதன் முன்னால் வெட்கப்பட வேண்டிய புலம்பல்.

பழுதான இறக்கை ஒன்றை வெட்டிப் போட்டிருந்த இடத்தில் காவலாளியிடம் கேட்டு ஒரு துண்டு எடுத்து வந்தேன். சதுரம் சதுரமாக, நார் நட்டுக்குத்தாக நிற்கும்படி அறுத்து அடுக்கிய கட்டைகள், ஒரு பக்கம் வலைத்துணி ஒட்டியது. மாமாவின் மடியில் வைத்தேன். தடவினார், முனையை நகத்தால் கீறினார், காதருகே கொண்டுபோய்ச் சுண்டினார்.

"பிசினு குடிச்சிருக்குது" என்றார். "கனம். விலா வெட்ட ஆகாது மாப்ளே."

அத்தை அதை எடுத்துப்போய்த் தையல் மெஷின் மேல் வைத்துக்கொண்டார், ஊசி குத்தி வைக்க.